கெண்டைக்கு அதன் பயம்

லாஸ்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்தில்
இரவு ஷிப்ட் என்பது
ஊர் கால் கழுவிப் படுக்கப் போவதைக்
குழாயின் இந்த முனையிலிருந்து கேட்பது.
பதினொன்றரைக்கு வரத்து குறையும்.
சனிக்கிழமை மட்டும் குறையாது.
கடற்கரைச் சாலை விடுதிகளில்
வெளியூர்க்காரர்கள் விடிய விடிய
எங்களை வேலை வாங்குவார்கள்.

மணிக்கொரு பழுப்புக் கண்ணாடி பாட்டில்.
இருபத்து நாலும் சேர்ந்தால் ஒரு நாள்.
ஐஸ் பெட்டியில் காலாப்பட்டு போகும் அந்த நாள்
பத்து நாள் கழித்து
எண்களாகத் திரும்பி வரும்.

அப்படித்தான் தெரியும் எனக்கு இந்த ஊரை.
முகம் தெரியாது, சர்க்கரை தெரியும்.
மழை விட்ட வாரம் முத்தியால்பேட்டை
போர்வைக்குள் கிடந்தது தெரியும்.

தொட்டிக்குள் காற்றில் கொதிக்கும்
சேற்று நுண்ணுயிர்களுக்கு நல்ல பசி.
வடிகஞ்சி தின்னும், சோப்பு தின்னும்,
பாராசிட்டமாலை
இட்லிபோல் விழுங்கிவிடும்.
வலிப்பு மாத்திரையைத் தொடவே தொடாது.
உள்ளே வந்தது எவ்வளவோ
வெளியே போவதும் அவ்வளவு,
கல்யாணத்துக்கு வந்துவிட்டுக்
கை நனைக்காமல் போகும் பங்காளி மாதிரி.

மோட்டார் பார்க்கும் சவரிராயலு கேட்டார்:
"மருந்துதானே மேடம், நல்லதுதானே?
மீனுக்குத் தலைவலி இருந்தா போயிட்டுப் போகுது."
சிரித்தேன்.
ஜூன் அறிக்கை அப்போது வந்திருக்கவில்லை.

பதினேழாம் வரி:
எஸ்சிட்டலோபிராம்.
லிட்டருக்கு நாற்பத்தொரு நானோகிராம்.

அந்த நாற்பத்தொன்றில்
நான் எவ்வளவு?

கைப்பையில் நாப்கின் உறைக்குள்
மடித்து வைத்த பட்டை.
வீட்டில் கேட்டால் இரும்புச் சத்து.
தெருமுனை மருந்துக்கடைக்கும் தெரியக்கூடாதென்று
வில்லியனூர் போய் வாங்குகிறேன்.
சாக்கடைக்குத் தெரிந்திருக்கிறது.

லிப்ட், மேம்பாலம், திடீரென அடிக்கும் போன்,
எதைக் கண்டாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த ஒன்று
ஏழாவது வாரம் எழுந்து போனது.
அந்த மாத்திரையை ஒரு சொல் பழிக்க மாட்டேன்.

அறிக்கையோடு ஒரு கட்டுரையும் அனுப்பியிருந்தார்கள்.
யாரோ எங்கோ கண்ணாடித் தொட்டியில்
மீன் வைத்துப் பார்த்து எழுதியது.
இது கலந்த நீரில்
மீனுக்குப் பயம் குறைகிறதாம்.
மேலே நிழல் விழுந்தால் பதுங்குவதில்லை.
செடி மறைவை விட்டு
நடுநீரில் வந்து நிற்கிறது.

விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போனேன்,
எங்கள் தண்ணீர் விழும் இடத்துக்கு.
ஜிலேபிக் கெண்டைகள்.
அவசரமே இல்லாமல் ஒரு கொக்கு.
அதன் காலைச் சுற்றிக் குஞ்சுகள்
விளையாடுவது போலிருந்தது.
அப்படித்தான் இருந்ததா,
படித்ததைப் பார்த்தேனா, தெரியவில்லை.

எனக்கு நோயாக இருந்தது
அதற்குக் கவசம்.

ஆகஸ்டில் கரித்தூண்கள் வந்தன.
ஆள் உயரத்தில் நான்கு.
உள்ளே கொட்டாங்கச்சி சுட்ட கரி, கடுகளவாக.
ஒரு கைப்பிடியின் துளைகளை விரித்துப் போட்டால்
பாகூரில் ஏழு ஏக்கர் வருமாம்.
முதல் வாரம் மைபோலத் தண்ணீர்.
மூன்றாம் தூண் அடைத்துக்கொண்ட இரவு
சவரிராயலு பிரெஞ்சிலும் திட்டினார்.

அடுத்த அறிக்கையில் பதினேழாம் வரி:
கண்டறியும் அளவுக்குக் கீழே.
நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
என்னை யாரோ துடைத்துவிட்டது போல.

பத்தில் ஒரு பங்கு நீருக்குத்தான் இந்த நான்கும் காணும்.
கரிக்கும் வயிறு நிறையும்.
ஆறு மாதத்தில் கழற்றி
மறுபடி உலையில் இட வேண்டும்.
அதற்கான கோப்பு
இரண்டாம் மாடியில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

இரவு பத்து மணி.
ஒரு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர்.
விழுங்கிவிட்டு
மூன்றாம் தூணின் வால்வைத் திருப்பப் போகிறேன்.
விடிந்தால் கொக்கு வரும்.
பசியோடு கொஞ்ச நேரம்
நிற்கட்டும்.